குதிகால் ஊன்றாத பொம்மை

கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பார்த்தும் பொம்மையின் கால் தட்டையாக மாட்டேன் என்றது.

அளவுக்காரர் அடுப்புக்கு முன்னால் நின்று, கணுக்கால் வரைக்கும் தண்ணீரில் இருக்கும்படி பொம்மையை இடுக்கியால் பிடித்திருந்தார். அவ்வப்போது வெளியே எடுத்து, துணியைச் சுற்றிப் பாதத்தை அழுத்தி மடக்குவார். மடங்கும். விட்டதும் பழையபடி நுனிக்காலுக்குப் போய்விடும். பொம்மையோ வெந்நீரில் நிற்கிற கவலை கொஞ்சமும் இல்லாமல் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுவே அவருக்குப் பாதி எரிச்சல்.

அளவுக்காரர் என்பது கடையில் வைத்த பெயர். கடைத்தெருவில் இருக்கிற பெரிய செருப்புக் கடையில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் காலை எடுத்துப் பலகையில் வைத்து அளவு பார்க்கிற வேலை. அவருக்கு முகம் ஞாபகம் நிற்காது, கால் மறக்காது. தெருவில் யாராவது நிறுத்தி நலம் விசாரித்தால் முதலில் குனிந்து பார்ப்பார். ஆள் யார் என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து சிரிப்பார். கட்டிக்கொண்டவளைக்கூட அப்படித்தான் பிடித்தது. அவள் செருப்பு வாங்க வந்தபோது, "உங்க இடது கால் வலது காலைவிட ஒரு நூல் பெருசுங்க" என்று சொன்னார். அதுவரை அவளிடம் அதை யாரும் சொன்னதில்லையாம். ஒரு பெண்ணிடம் போய்ப் பேசுகிற பேச்சா இது என்று கேட்காதீர்கள். அவள் சிரித்தாள், மறு மாதமும் ஒரு செருப்பு வாங்க வந்தாள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு இந்தப் பொம்மையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? விரல்கடை இடுப்பு, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து, இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். கால்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஹீல்ஸ் போடுவதற்கு என்றே பாதம் சரிவாக வார்க்கப்பட்டிருந்தது. ஹீல்ஸைக் கழற்றினாலும் பாதம் அப்படியேதான் நிற்கும். நிற்கும் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், அதால் நிற்க முடியாது. ஹீல்ஸோடும் நிற்காது, இல்லாமலும் நிற்காது. சுவரில் சாய்த்து வைத்தால் உண்டு.

பொம்மை நின்றால் என்ன, விழுந்தால் என்ன? அவர் பிரச்சினை பொம்மை அல்ல. அவருடைய ஆறு வயது மகள் சில வாரங்களாகக் குதிகாலைத் தரையில் வைப்பதில்லை. வீட்டில் நுனிக்கால், தெருவில் நுனிக்கால், பல் தேய்க்கும்போதும் நுனிக்கால். வாத்து தண்ணீரில் போவதுபோலச் சத்தமில்லாமல் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவாள். அதட்டினால் இறங்குவாள், தலையைத் திருப்பினால் மறுபடி ஏறிக்கொள்வாள். வளர்கிற வயசில் இப்படியே நடந்தால் பின்நரம்பு சுருங்கிப்போய்க் குதிகாலே இறங்காமல் நின்றுவிடும். அப்படி நின்றுபோன இரண்டு கால்களை அவர் கடையில் மடியில் ஏந்திப் பார்த்திருக்கிறார். அந்தப் பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்ப ஆள் இல்லை. மனைவி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வார முடிவில் ஆஸ்பத்திரியில் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். குழந்தை அப்போது அவருடைய அக்கா வீட்டில் இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிவந்தார்கள். அம்மா எங்கே என்று அவள் கேட்டபோது, வாய்க்கு வந்த எதையோ சொல்லிச் சமாளித்தார். அந்த நேரத்தில் அவருக்கு நின்ற இடமே தெரியவில்லை, என்ன சொன்னோம் என்று எங்கே தெரியப்போகிறது. நல்ல நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அப்புறம் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று அக்கா சொன்னாள். அதை நம்புவது அவருக்கும் வசதியாக இருந்தது.

குழந்தை ஏக்கமில்லாமல் இருக்கட்டும் என்று அந்தப் பொம்மையை வாங்கிக் கொடுத்தவளும் அக்காதான். பொம்மை வந்தது, நுனிக்காலும் வந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே வெந்நீர் வைத்தியம். பொம்மையின் கால் இறங்கினால் மகளின் காலும் இறங்கும் என்பது அவர் கணக்கு. சூடு போதவில்லை என்று அடுப்பைத் தூண்டிவிட்டார். அப்போது பார்த்து வாசலில் பால்காரர் கூப்பிட்டார். போய்விட்டு வந்து பார்த்தால் பொம்மை முட்டி வரைக்கும் சட்டிக்குள் இறங்கியிருந்தது. தூக்கினால் கால் இரண்டும் உருகிச் சேர்ந்து, துடுப்புபோல ஆகிவிட்டது. முகம் மட்டும் அதே சிரிப்பு.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கால் தட்டையாயிடுச்சு பாரு கண்ணு. இப்ப நல்லா நிக்கும்" என்றார் அவர்.

"குட்டையாயிடுச்சு" என்றாள் அவள்.

மூலையில் போய் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். அம்மா போன பிறகு அவள் அழுது அவர் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் பொம்மை உயரம் குறைந்ததற்கா இப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

அக்காவுக்குத் தகவல் போய், அடுத்த நாளே வந்து இறங்கினாள். உள்ளே நுழையும்போதே, நான் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை ரசம் வைத்துவிட்டாயாமே என்று ஆரம்பித்தாள். அவர் பொம்மையின் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். இதைப் பார்த்து வளர்கிற பெண் பிள்ளை நாளைக்குத் தன் உடம்பையே வெறுக்கும், நடக்கக்கூட ஹீல்ஸ் கேட்கும், கண்ணாடியை விட்டு நகராது என்றார். எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுச் சேர்த்து வைத்தது.

"பொம்மை என்னடா பண்ணும்?" என்றாள் அக்கா. "நான் சின்ன வயசுல கட்டை பொம்மைதான் வெச்சு விளையாடினேன். அதுக்காக?"

அக்காவின் உயரத்தையும் அகலத்தையும் அறிந்தவர் ஆகையால் அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. இந்த மாதிரிப் பொம்மை வைத்திருக்கிற பிள்ளைகள் இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிவிடுமாமே, இவள் சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். அந்த ஒரு விஷயத்தில் கவலை இல்லை என்றார் அவர். முன்பெல்லாம் பால் என்றால் ஓடி ஒளிகிறவள் இப்போது இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். கீரையைக்கூட மிச்சம் வைப்பதில்லை. அப்படியானால் பொம்மை நல்லதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று அக்கா மடக்கினாள். அந்த இடத்தில் நம்மாள் விட்டிருக்கலாம். விடவில்லை.

கடைத்தெருவெல்லாம் அலைந்து வேறொரு பொம்மை வாங்கி வந்தார். கொழுகொழுவென்று தொப்பையும் தொடையுமாக, பாதம் செங்கல்போலத் தட்டையாக இருக்கிற குழந்தைப் பொம்மை. தள்ளிவிட்டாலும் விழாது. பாப்பா மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் அதன் பாதத்துக்கு அடியில் பாட்டில் மூடிகளை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தாள். பாவம், அந்தத் தொப்பைப் பொம்மை மூடிகளின்மேல் ஏறி நின்றுகொண்டு, சின்னத் திருட்டில் மாட்டியவன்போல முழித்தது.

அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் வினை. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதே வேலையைத் தன் ஷூவுக்குள்ளும் செய்துகொண்டாள். குதிகால் பக்கம் மூடிகள், அதன்மேல் சுருட்டிய சாக்ஸ். பிரார்த்தனைக்கு வரிசையில் போகும்போது பள்ளிக்கூடப் படியில் தடுக்கி விழுந்து, முகவாயில் நல்ல அடி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்கு கடிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மாதிரி. கோபிக்கவில்லை. அவள் வகுப்பில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை, இடைவேளை முழுக்க விளையாட்டுக் கம்பியில் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருக்கிறாள், இறங்கச் சொன்னாலும் இறங்குவதில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"அந்தப் பொம்மைக்கு ஜிம்னாஸ்டிக் உடுப்பும் ஒண்ணு உண்டு டீச்சர்."

டீச்சருக்கே பொம்மைகள்மேல் ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. சின்னப் பிள்ளைகள் நகப்பூச்சோடு வருகிறார்கள், ஒருத்தி தன் மூக்கு பெரிது என்று அழுதாள், எல்லாம் இதனால்தான் என்று அவருக்கும் தோன்றியிருந்தது. இரண்டு பேரும் ஒரே கட்சி என்று ஆனதும் பெற்றோர் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டார். அதில் பேச வேண்டியவர், காலைப் பற்றி அனுபவம் உள்ளவர் என்று, நம் அளவுக்காரர்.

முக்காலியில் குனிந்து உட்கார்ந்தே பழகியவருக்கு மைக் முன்னால் நிமிர்ந்து நிற்கவே வரவில்லை. ஆனால் பேசினார். இன்னொரு பிள்ளையின் பொம்மையை வாங்கி, அதன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். மனுஷியாகப் பிறந்திருந்தால் இவள் நாலடி நடக்க மாட்டாள், தவழ்ந்துதான் போக வேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. ஒரு தாய் எழுந்து, பையன்களுக்குத் துப்பாக்கி பொம்மை வாங்கித் தருகிறோமே, அவர்கள் எல்லாரும் ஆளைச் சுட்டுக்கொண்டா திரிகிறார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு அவர், "என் பொண்ணு குதிகாலை வைக்க மாட்டேங்குறாம்மா" என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவ்வளவுதான், கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. மறுநாள் காலையிலேயே வீடு வீடாகப் பொம்மைகள் பரண் ஏறின.

பொம்மை போன பிள்ளைகள் சும்மா இருக்குமா? யார் அப்பாவால் போனது என்று அவர்களுக்குத் தெரியும். பாப்பாவோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பக்கத்து இருக்கைக்காரி பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனாள். ஏற்கெனவே பேசாத பிள்ளை, இப்போது பேசவும் ஆள் இல்லை. அதை அவள் அவரிடம் புகாராகச் சொல்லவில்லை. டீச்சர்தான் வருத்தத்தோடு சொன்னார்.

கடையிலும் ஆப்பு வந்தது. கூட்டத்துக்கு வந்த பெற்றோர், பிள்ளைகளுக்கு விசேஷங்களுக்கு என்று வாங்கியிருந்த குட்டி ஹீல்ஸையெல்லாம் கொண்டுவந்து முதலாளி மேஜைமேல் வைத்தார்கள். உங்கள் ஆளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார்கள். முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டு, ஜன்னல் முழுக்க ஹீல்ஸை அடுக்கி வைத்துக்கொண்டு அதற்கு எதிராகப் போய் மைக்கில் பேசுகிறாயே, நீ என் கடை ஆளா எதிர்க்கடை ஆளா என்று கேட்டார். தலையைக் குனிந்து முதலாளியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டும் வீங்கியிருந்தன. உப்பைக் குறையுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டார்.

வீட்டில் பொம்மை இருக்கக் கூடாது என்று அதையும் கடைக்கே கொண்டுவந்து, ஸ்டோர் ரூமில் காலிச் செருப்புப் பெட்டி ஒன்றில் போட்டு மூடியிருந்தார். உருகிய காலோடு எறிய மனசு வரவில்லை. பாப்பா ஏன், எங்கே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் பாட்டுக்கு நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள்.

அன்று முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன சமயத்தில் அவர் ஸ்டோர் ரூமுக்குள் போய் அந்தப் பெட்டியைத் திறந்தார். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். பழக்கதோஷம், விரல் தானாக அதன் உருகிய பாதத்தைத் தடவியது.

"என்னத்த சொல்லிக் கொடுத்தே அவளுக்கு?" என்று கேட்டார். "என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாளே. உன்கிட்ட சொன்னாளா?"

கேட்டுவிட்டு அழுதார். பெரிய ஆம்பிளை, தலை நரைக்கத் தொடங்கியவர், தோள் குலுங்க அழுதார். பொம்மைக்காக அழவில்லை, மகளுக்காக மட்டும்கூட இல்லை. இடது கால் ஒரு நூல் பெரிதாக இருந்த ஒருத்தி இருந்திருந்தால், என்ன ஏது என்று ஒரே நாளில் குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள்.

நிமிர்ந்தால் வாசலில் முதலாளி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றார். முதலாளி திட்டவில்லை. பிள்ளைக்கு நல்ல கனமான பூட்ஸ் ஒன்று போட்டுவிடுய்யா, கனம் இழுத்தால் கால் தானாகக் கீழே வரும் என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து போய்விட்டார். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது.

அது நல்ல யோசனையாகப் பட்டது. தடித்த ரப்பர் சோல், கணுக்கால் வரைக்கும் பட்டை, கையில் எடுத்தால் இஸ்திரிப் பெட்டி கனம். சாயந்தரம் பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து அவரே போட்டுவிட்டார். லேஸை இறுக்கிக் கட்டினார். அவள் எழுந்து நின்றாள். சோலின் தடிமனில் ஒரு கட்டைவிரல் உசந்துவிட்டாள். குனிந்து தரையைப் பார்த்தாள். அப்புறம் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

மாதக்கணக்கில் அவருக்குக் கிடைக்காத முத்தம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது பாப்பா அந்த இஸ்திரிப் பெட்டிகளோடு நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பூட்ஸைக் கழற்றவே மாட்டேன் என்றாள். தூங்கும்போதும் வேண்டும் என்றாள். கழற்றினால் அழுகை, போட்டால் எக்கல். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். கனத்தைத் தூக்கித் தூக்கிக் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. ஒருநாள் விடிகாலையில் நரம்பு பிடித்துக்கொண்டு, அம்மா என்று அலறி எழுந்தாள். அவர் ஓடிப்போய்க் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நீவிவிட்டார்.

"ஏன் கண்ணு இப்படி நடக்குற? வலிக்குதுல்ல?"

"இன்னும் கொஞ்சம்தாம்ப்பா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உனக்குத்தான் தெரியுமே."

அவருக்கு அந்த விளங்காத கால் பொம்மைதான் ஞாபகம் வந்தது. இப்போதாவது பட்டென்று சொல்லிவிட வேண்டும், பொம்மை மாதிரி ஆகிற ஆசையை வளர்க்கக் கூடாது என்று நினைத்தார்.

"தெரியும் கண்ணு. ஆனா நீ எவ்வளவுதான் எக்கினாலும் அது நடக்காது. அதெல்லாம் சும்மா, பொய். நடக்கவே நடக்காது."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் காலை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்றைக்குப் பாலைத் தொடவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனால் எழுந்து நடந்தபோது முன்னைவிட அதிகமாக எக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரல் நுனியில்.

கேட்டுத் தெரிந்துகொண்ட அக்கா, பொம்மையை வதைத்தது போதும், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று கத்தினாள். இதை முதலிலேயே செய்திருக்கலாம். எலும்பு டாக்டர் என்றால் கத்தியை எடுப்பார் என்கிற பயத்தில் அவர்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடையில் பார்த்த அந்த இரண்டு கால்களும் அறுவை செய்தும் இறங்காத கால்கள். ராத்திரியெல்லாம் அந்தத் தழும்புகள் கண்முன் வந்து நின்றன.

டாக்டர் பாப்பாவைப் படுக்கவைத்துக் காலை மடக்கினார், நீட்டினார், முட்டியைத் தட்டினார். பாதத்தைப் பிடித்து அழுத்தியதும் குதிகால் சுலபமாக இறங்கி வந்தது. அளவுக்காரர் டாக்டரின் வாயைப் பார்த்தார். பிறவியில் முதல்முறையாக ஒரு மனுஷனின் முகத்தை முதலில் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கால்ல ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "நரம்பு, எலும்பு எல்லாம் நல்லா இருக்கு. கெண்டைக்கால் மட்டும் ரொம்ப வேலை செஞ்சிருக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, பாப்பாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் எடையும் உயரமும் பார்த்துவரச் சொன்னார். பாப்பா நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் போனாள். பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், வீட்டில் யாராவது அப்படி நடப்பார்களா, யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டார்.

பொம்மை என்றார் அவர். வெந்நீரில் தொடங்கி மைக் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். தன் மகளிடமும் அந்தப் பொம்மை ஒரு டஜன் இருக்கிறது, அவள் ஹீல்ஸ் கேட்கவில்லை, அவற்றின் தலையை மொட்டை அடித்துவிட்டாள் என்றார். ஒரே பொம்மைதான், ஒரு குழந்தை ஒன்றைப் பார்க்கும், இன்னொரு குழந்தை இன்னொன்றைப் பார்க்கும், பொம்மைமேல் மட்டும் பழியைப் போட முடியாது என்றார்.

"அம்மா என்ன சொல்றாங்க? அவங்க வரலையா?"

"வெளியூர்ல இருக்காங்க" என்றார் அவர். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். இறந்துபோனாள் என்று ஒருமுறைகூட அவர் வாயால் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

அவர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். இல்லைங்க டாக்டர், அந்தப் பொம்மைதான், வேறே எதுவும் இல்லை, நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அவள் மனசு கோணுகிற மாதிரி நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்றார். டாக்டர் எழுதிக்கொண்டே ம் கொட்டினார். பக்கத்து அறையிலிருந்து, குதிகாலைக் கீழே வை கண்ணு, வை கண்ணு என்று நர்ஸ் கெஞ்சுவது கேட்டது. பிறகு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"நீ வளர்ந்து பெருசானதும் அம்மா வந்துடுவாங்கன்னு நீங்க சொல்லியிருக்கீங்களாம் சார், இந்த உயரம் போதுமான்னு அப்பாகிட்ட கேட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டு, பாப்பா குதிகாலை இறக்காம அங்கேயே நிக்குது."